கடைமடை

இதய அறுவை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரைப் பார்க்க வரும் மருத்துவர் முதலில் தலைமாட்டுத் திரையைப் பார்க்கிறார். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் எல்லாம் அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன. அடுத்தபடியாக அவர் குனிகிறார். கட்டிலின் பக்கச் சட்டத்தில் பிளாஸ்டிக் பெட்டி பொருத்திய ஒரு பை தொங்குகிறது. பெட்டியின்மேல் மில்லிலிட்டர் கோடுகள். மணிக்கொரு தரம் சிஸ்டர் அந்தக் கோட்டை வாசித்துத் தாளில் குறித்திருப்பார். உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிலிட்டர் என்பது கணக்கு. 70 கிலோ ஆள் என்றால் மணிக்கு 35 மில்லியாவது வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் மருத்துவர் நிமிர்ந்து அடுத்த கட்டிலுக்குப் போவார். வராவிட்டால் அங்கேயே நிற்பார்.

இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்குள் போகிறது. அவற்றின் எடையோ இரண்டும் சேர்ந்து கால் கிலோவைச் சற்றுத் தாண்டும். இவ்வளவு ரத்தத்தை வாங்கிப் பழகியவை என்பதால், வரத்து குறைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பவையும் இவைதான். ரத்தத்தில் கழிவுப் பொருளான கிரியேட்டினின் ஏறி ஆய்வகத் தாளில் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். பையில் சிறுநீர் குறைவது அந்த மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். தைத்த இதயம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதற்கு இதைவிட மலிவான சாட்சி கிடையாது.

வெளியே தாழ்வாரத்தில் காத்திருக்கும் குடும்பத்துக்கும் இது ஓரிரு நாளில் பிடிபட்டுவிடுகிறது. "யூரின் நல்லா போகுதாம்" என்று மருமகன் வந்து சொல்ல, மாமியார் கும்பிடுகிறார். ஊரிலிருந்து போன் செய்கிறவர்களுக்கு அதே வாக்கியம் செய்தியாகப் போகிறது. வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சங்கதி, அந்த நாலைந்து நாளுக்கு மட்டும் குடும்பத்தின் முதல் நற்செய்தியாக இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆன மறுநாளிலிருந்து அது மறுபடி ஊமையாகிவிடும். தொந்தரவு தொடங்குவது பெரும்பாலும் அந்த ஊமைக்காலத்தில்தான் என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

*

1953 மே மாதம் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் 18 வயதுப் பெண்ணொருத்தியின் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தார். அவ்வேளையில் அவளுடைய இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரம் பார்த்துக்கொண்டது. மனிதரில் அந்த இயந்திரம் வெற்றிகரமாக வேலை செய்த முதல் சந்தர்ப்பம் அது. 1967இல் அர்ஜென்டினாக்காரரான ரெனே ஃபவலோரோ, அமெரிக்காவின் கிளீவ்லாண்டில், காலிலிருந்து எடுத்த சிரையை இதயத் தமனியின் அடைப்பைத் தாண்டி ஒட்டவைத்துக் காட்டினார். இந்தியாவின் முதல் பைபாஸ், 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் செய்தது. இன்று 'பைபாஸ்' நம் ஊர்த் திண்ணைச் சொல். சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சுத் தழும்பைக் காட்டாத பைபாஸ்காரர் குறைவு.

இந்தச் சாதனைக்கு உடம்பு கொடுக்கும் விலையை எவரும் அப்படிப் பொத்தானைக் கழற்றிக் காட்டுவதில்லை. இயந்திரம் ரத்தத்தைச் சுற்றவிடும்போது அது அலையலையாகத் துடித்துப் போவதில்லை. பெரும்பாலும் ஒரே சீராக ஓடுகிறது. சராசரி அழுத்தத்தை 50 முதல் 70 வரை வைத்துக்கொள்வது வழக்கம். பல அறுவைகளில் உடம்பைக் குளிர்வித்தும் வைக்கிறார்கள். ரத்தத்தோடு வேறு திரவமும் கலந்திருப்பதால் அது நீர்த்துப் போயிருக்கும். மூளைக்கும் இதயத்துக்கும் எது நல்லது என்று பார்த்து வகுத்த ஏற்பாடு இது. மற்ற உறுப்புகள் இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொள்ள வேண்டும்.

மேட்டூரில் திறப்பது குறைந்தால் தலைமடைக்காரர் வயலுக்குத் தண்ணீர் வந்துவிடும். நாகப்பட்டினத்துக் கடைமடையில் நிலம் வெடிக்கும். உடம்புக்குள்ளும் கடைமடைகள் உண்டு. சிறுநீரகத்தின் உட்பகுதி சாதாரண நாளிலேயே குறைந்த ஆக்ஸிஜனில் காலந்தள்ளுகிற இடம். பம்பில் நசுங்கி உடையும் சிவப்பணுக்களின் நிறமியும் அங்கே வந்து சேர்கிறது. நீண்ட அறுவைக்குப் பிறகு சில பைகளில் நீர் கறுப்புத்தேநீர் நிறத்தில் நிற்பது அதனால்தான். இதய அறுவைக்குப் பின் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரைக்கும் சிறுநீரகம் ஏதோ ஒரு அளவில் அடிபடுகிறது. பெரும்பாலோருக்கு நாளடைவில் தேறிவிடும். டயாலிசிஸ் தேவைப்படுவோர் நூற்றில் சிலரே.

சிறுநீரகத்தைவிடவும் கடைசியில் இருக்கும் கடைமடை ஒன்று ஆண்களுக்கு உண்டு. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் பாதை. பெண்ணுக்கு அது 4 சென்டிமீட்டர் அளவில் நேராக முடிந்துவிடுகிறது. ஆணுக்கு 18 முதல் 20 சென்டிமீட்டர். புராஸ்டேட் சுரப்பியைத் துளைத்துக்கொண்டு இறங்கி, இரண்டு வளைவு எடுத்து வெளியே வருகிறது. அதன் உட்சுவருக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி இடுப்புத் தமனியின் கிளையின் கிளை. இதயக் குழாயில் அடைப்பு வந்தவருக்கு, அதுவும் சர்க்கரையும் புகையும் சேர்ந்தவருக்கு, இந்தக் கிளைகள் மட்டும் திறந்தா இருக்கும்? ஒரே நோய்தான், மேலேயும் கீழேயும். மேலே அது வலிக்கிறது, மாரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். கீழே அது சத்தம் போடாமல் இருக்கிறது.

இந்தப் பாதைக்குள்தான், ரத்த வரத்து மிகவும் குறைந்திருக்கும் அந்த மணி நேரங்களில், சிறுநீரை வெளியே எடுக்கும் ஒரு குழாய் இருக்கிறது.

*

அந்தக் குழாய்க்கு ஒரு வரலாறு உண்டு. குழாய் பருமனை அளக்கும் அளவுகோல் பாரிஸில் இருந்த கருவி செய்பவர் ஷாரியேரின் பெயரால் வந்தது. ஒரு ஷாரியேர் என்றால் மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு. வார்டில் சாதாரணமாகக் கேட்கும் 16ஆம் நம்பர் குழாயின் பருமன் 5 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். நுனியில் குட்டிப் பலூன் வைத்து, உள்ளே போனதும் நீரேற்றி ஊதி, கழன்று விழாமல் நிறுத்தும் உத்தி அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்துச் சிறுநீரியல் மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலியுடையது. புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு ரத்தம் கசிவதை அழுத்தி நிறுத்தவே முதலில் அதை யோசித்தார். 1930களில் அது சந்தைக்கு வந்தது. காப்புரிமைச் சண்டை ரப்பர் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவரோடு நடந்து ஃபோலி தோற்றார். உரிமை கைவிட்டுப் போனது, பெயர் மட்டும் குழாயோடு ஒட்டிக்கொண்டது. இன்றும் எந்த வார்டிலும் 'ஃபோலி' என்றால் போதும்.

அன்றைய குழாய் இயற்கை ரப்பர். உலகத்துக்கு அப்போது ரப்பர் பால் கொடுத்த பெருந்தோட்டங்கள் மலாயாவிலும் இலங்கையிலும் டச்சுக்காரர்களின் தீவுகளிலும் இருந்தன. மலாயாவில் பொழுது விடியும்முன் எழுந்து மரம் சீவிய கைகளில் கணிசமானவை தமிழ்க் கைகள். நமக்கும் இந்தக் கதைக்கும் அப்படியொரு பழைய சம்பந்தம் இருக்கிறது. மரத்தின் பால் குழாயாக ஆவதற்கு, இறுகவும் நீடிக்கவும் சில ரசாயனங்களைச் சேர்க்க வேண்டும். அங்கேதான் வினை இருந்தது.

1982இல் லான்செட் இதழில் ஹெல்சிங்கி மருத்துவர்கள் ஒரு செய்தியை எழுதினார்கள். திறந்த இதய அறுவை செய்துகொண்ட ஆண்களுக்கு வழக்கத்தில் இல்லாத அளவில் சிறுநீர்ப் பாதை சுருங்கிப்போகிறது. குழாய் போட்டிருந்ததோ கொஞ்ச நாள்தான். கொள்ளை நோய்க்குப் பயன்படுத்தும் சொல்லையே தலைப்பில் வைத்திருந்தார்கள். இதே காலத்தில் பிற நாடுகளிலிருந்தும் இதையொட்டிய அறிக்கைகள் வந்தன. அதே குழாயை வேறு அறுவைகளில் போட்டபோது இவ்வளவு சேதம் இல்லை. இதய அறுவையில் மட்டும் ஏன்?

ஹெல்சிங்கிக்காரர்கள் குழாயை ஊறவைத்த திரவத்தை ஆய்வகத்தில் உயிரணுக்கள் மேல் விட்டுப் பார்த்தார்கள். சில ரப்பர் குழாய்களின் சாறு உயிரணுக்களைக் கொன்றது. குழாயிலிருந்து கசிகிற நஞ்சைச் சாதாரண நேரத்தில் ஓடும் ரத்தம் அவ்வப்போது கழுவிக்கொண்டு போய்விடும். இயந்திரம் ரத்தத்தைச் சுற்றவிடும் மணி நேரங்களிலோ கடைமடைக்கு வரத்து இல்லை. நஞ்சு தங்குகிறது, உட்படலம் வெந்து உரிகிறது, ஆறும்போது தழும்பாக இறுகுகிறது. நெஞ்சில் தழும்பு விழுந்த அதே காலை நேரத்தில் அங்கேயும் ஒன்று விழுந்திருக்கிறது.

குழாய் மாறியது. சிலிக்கோன் குழாய்க்குப் பல இடங்களில் தாவினார்கள். சில மையங்களில் அடிவயிறு வழியாக நேரே சிறுநீர்ப்பைக்குள் குழாய் போட்டுப் பார்த்தார்கள். குழாயை இழுபடாமல் தொடையிலோ வயிற்றிலோ பிளாஸ்டர் போட்டு நிறுத்துவது, தேவைக்கு மேல் பருமனானதைப் போடாமல் இருப்பது, முடிந்த அளவு சீக்கிரம் எடுத்துவிடுவது எல்லாம் இன்று பாடப்புத்தக விதிகள். இந்த விதிகளுக்குப் பின்னால், அறுவை முடிந்து சில வாரங்களில் திரும்பிவந்து, "எனக்கு ஒண்ணுக்கு சரியாப் போகல" என்று தங்கள் மொழியில் சொன்ன ஃபின்லாந்து ஆண்கள் இருக்கிறார்கள். அவர்கள் வயதாகிவிட்டது என்று நினைத்து வீட்டிலேயே இருந்திருந்தால் எண்ணுவதற்கு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். சேர்த்து எண்ணாதவரை ஒவ்வொருவருடையதும் அவரவர் தலையெழுத்து. எண்ணிய பிறகுதான் அது குழாயின் குற்றம்.

*

குழாயை எடுக்கும் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயாளிக்கு அது விடுதலை நாள். பலருக்குச் சோதனை நாளும் அதுதான்.

என் பெரியப்பா ஒருவருக்கு பைபாஸ் நடந்தது. எழுபதைத் தாண்டியவர், ஆசிரியராக இருந்தவர், குரலை உயர்த்தாமலே வகுப்பை அடக்கியவர். குழாயைக் காலையில் எடுத்தார்கள். சாயங்காலம் வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. முகம் வியர்த்திருந்தது, கட்டிலில் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போக, அதற்கு ஊசி போடுவதா என்று பேச்சு நடந்தது. என்னைக் கையசைத்துக் கூப்பிட்டுக் காதில் சொன்னார்: "தம்பி, வர மாட்டேங்குது. அந்தப் பிள்ளைகிட்ட எப்படிடா சொல்றது?" அந்தப் பிள்ளை என்றது இருபது வயதுச் சொச்ச நர்ஸை. நான் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே வந்து, "இதுக்காப்பா கூச்சம்? எங்க தாத்தாவுக்கும் இதே கதைதான்" என்று சொல்லி, வாஷ்பேசின் குழாயை மெல்லத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் சிலருக்கு வரும். பெரியப்பாவைத் தாங்கிப் பிடித்து நிற்கவும் வைத்தார். படுத்தபடி போக நம் ஆண்கள் பலருக்கு வராது. வரவில்லை. வயிற்றின்மேல் ஸ்கேன் வைத்துப் பார்த்ததில் 700 மில்லிக்கு மேல் தேங்கியிருந்தது. சாதாரணமாக 400, 500 ஆனதுமே உடம்பு அவசரப்படுத்தும். மறுபடி குழாய் போட்ட பிறகு பத்து நிமிடத்தில் ரத்த அழுத்தம் இறங்கியது. ஊசிக்கு வேலை வைக்கவில்லை.

இப்படி நீர் கட்டிக்கொள்வதற்கான காரணங்கள் எல்லாம் அந்த வயதில், அந்தக் கட்டிலில் ஒன்றுகூடி நிற்கின்றன. அறுபதைத் தாண்டிய ஆண்களில் பாதிப் பேருக்காவது புராஸ்டேட் ஏதோ ஒரு அளவுக்கு வீங்கியிருக்கும்; அதுவரை அனுசரித்துப் போய்க்கொண்டிருந்திருப்பார்கள். வலிக்குக் கொடுத்த மார்ஃபின் வகை மருந்து சிறுநீர்ப்பையின் தசையைத் தூங்கவைக்கிறது. நாலு நாள் மலச்சிக்கல் பக்கத்திலிருந்து அழுத்துகிறது. நீண்ட காலச் சர்க்கரை சிறுநீர்ப்பை நரம்பை ஏற்கெனவே மரக்கவைத்திருக்கும். நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருப்பதால் கையூன்றி எழவோ முக்கவோ கூடாது என்று கட்டளை வேறு. அளவு மீறி விரிந்த சிறுநீர்ப்பைத் தசை பிறகு சுருங்க மறுக்கும். ஆகவே "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்ற நம் பழக்கம் இங்கே செலவு வைக்கும்.

வயதானவர்களில் சிலர் அறுவைக்குப் பிறகு இரவில் புத்தி தடுமாறிக் குழறுவதுண்டு. பேசத் தெரியாத அந்த நிலையில் அடிவயிறு முட்டுவதும் படபடப்பாகத்தான் வெளியே தெரியும். கையைக் கட்டிப்போடுவதற்குமுன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கலாம். சிலர் பலூன் ஊதியபடி இருக்கும் குழாயையே பிடுங்கிவிடுகிறார்கள். ரத்தம் கொட்டி, உட்சுவர் கிழிந்து, பின்னாளின் சுருக்கத்துக்கு அங்கே விதை விழுகிறது. சின்னச் சின்னக் கவனக்குறைவுகளும் உண்டு. குழாய் போடும்போது பின்னுக்குத் தள்ளிய முன்தோலைத் திரும்ப இழுத்துவிட மறந்தால் மறுநாள் அது வீங்கி இறுகும். ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின்மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். பையில் இருந்தது திரும்பி உள்ளே போகிறது. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் நூறில் மூன்று முதல் ஏழு பேருக்கு நீரில் கிருமி சேர்கிறது என்று கணக்கு இருக்கிறது. வால்வு மாற்றியவருக்கு இந்தக் கிருமி ரத்தத்தில் ஏறினால் புதிய வால்வில் போய்க் குடியேறலாம். கீழே நடந்ததுதானே என்று விட்டுவிட முடியாது. அது மேலே ஏறி வந்து கதவைத் தட்டும்.

*

சுவரோரம் நின்று போகக் கூசாத ஊர் நம்முடையது. போகவில்லை என்று சொல்ல மட்டும் கூசுகிறோம்.

பெரியப்பா ஊருக்குத் திரும்பிய பிறகு வந்தவர்களிடமெல்லாம் நெஞ்சைக் காட்டினார். எத்தனை அடைப்பு, எந்தக் காலிலிருந்து சிரை எடுத்தார்கள், காலை நடை எத்தனை சுற்று, எல்லாம் பேச்சானது. சிறுநீர்த் தாரை மெலிந்துகொண்டே வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காராமல் பின்வாசலருகே உட்கார ஆரம்பித்தார். பயணம் என்றால் முந்தின நாளே தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். பெரியம்மா கவனித்தார், வயசாகுதில்ல என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். மாதாந்தர செக்கப்பில் கேள்விகள் நெஞ்சைச் சுற்றியே இருந்தன: மூச்சு வாங்குதா, வலி இருக்கா, கால்ல வீக்கம் இருக்கா. எல்லாவற்றுக்கும் "இல்ல சார்" என்றார். பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்.

இந்த ஒளிவுமறைவின் செலவு கடைசியில் இதயத்தின் கணக்கிலேயே எழுதப்படுகிறது. உடம்பில் கோத்த நீரை வெளியேற்றும் லேசிக்ஸ் வகை மாத்திரை போட்டால் சில மணி நேரத்துக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். பஸ் ஏறும் நாளிலும் விசேஷத்துக்குப் போகும் நாளிலும் அதை விட்டுவிடுபவர்கள் ஏராளம். வழியில் எங்கே இறங்குவது? நாலு நாள் விட்டால் நீர் கோத்துக்கொண்டு, மூச்சு முட்டி, மறுபடி அட்மிஷன். கேஸ் ஷீட்டில் இதய பலவீனம் என்று இருக்கும். பஸ் நிலையத்தில் நுழையக்கூடிய கழிப்பறை இல்லாதது அதில் எங்கும் இருக்காது. மாத்திரையை ராத்திரியில் போட்டு, தூக்கத்தில் எழுந்து, தலைசுற்றி விழுகிறவர்களும் இருக்கிறார்கள். காலையிலும் மதியத்திலும் போட்டால் போதும் என்று யாராவது சொல்லியிருந்தால் நடந்திருக்காது. புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும். இதய மாத்திரைகளும் இறக்கும். இரண்டு மருத்துவரின் சீட்டும் ஒரே சட்டைப்பையில் இருந்தாலும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்திருக்க மாட்டார். தாம்பத்தியம் பற்றிய சந்தேகத்தைக் கேட்கக் கூச்சப்பட்டு, மருந்துக் கடையில் சில்டெனாஃபில் வாங்கிக்கொள்கிறவர் நாக்குக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் வைத்திருந்தால், அது உயிர் ஆபத்து. கூச்சம் என்றைக்கும் இலவசம் இல்லை.

*

சுருங்கிய பாதையைத் திறப்பது மனிதர் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை. நெய் தடவிய குழாய்களைச் சிறியதிலிருந்து பெரியதாகப் படிப்படியாக நுழைத்து விரிக்கும் முறை சுஸ்ருதர் பெயரில் வழங்கும் நூலிலேயே இருக்கிறது. இன்றும் முதல் வைத்தியம் பல இடங்களில் விரிப்பதுதான். அடுத்தது உள்நோக்கிக் கருவி வழியே பார்த்தபடி தழும்பைக் கீறிவிடுவது. சிறிய சுருக்கத்துக்கு இது உதவும். நீளமானதற்கு மறுபடி மறுபடி மூடிக்கொள்ளும். அப்படிப்பட்டவர்களுக்கு நிரந்தரமான வழி, வாயின் உட்கன்னத்திலிருந்து மெல்லிய படலத்தை உரித்தெடுத்துப் பாதையில் தைத்து அகலப்படுத்துவது. எப்போதும் ஈரத்திலேயே இருந்து பழகியது, கிருமிக்கு ஈடுகொடுப்பது, எடுத்த இடம் சீக்கிரம் ஆறுவது என்று அந்தப் படலத்துக்குப் பல தகுதிகள். இந்த அறுவையில் இந்திய மருத்துவர்களுக்கு, குறிப்பாகப் புனேயின் சஞ்சய் குல்கர்ணிக்கு, உலக அளவில் பெயர் இருக்கிறது.

காலிலிருந்து ஒரு சிரை நெஞ்சுக்குப் போகிறது. கன்னத்திலிருந்து ஒரு படலம் கீழே போகிறது. உடம்புக்குள் மேல், கீழ் என்று நாம் வைத்திருக்கும் மரியாதை வரிசையை அறுவை மேசை மதிப்பதில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறது: எடுக்கப்போகிற இடம் நல்லபடியாக இருக்கிறதா? பான்பராக்கும் புகையிலையும் போட்டு வெந்துபோன கன்னத்தில் நல்ல படலம் கிடைப்பது கஷ்டம். இதயக் குழாயை அடைத்த அதே பழக்கம், பின்னால் வரப்போகும் பழுதுக்கான தையல் துணியையும் கெடுத்து வைத்திருக்கும்.

இதய நோயாளிக்கு இந்த அறுவையும் லேசில் வாய்ப்பதில்லை. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளை நிறுத்தலாமா, எத்தனை நாள் நிறுத்தலாம் என்று இரண்டு துறைக்காரர்களும் பேசி முடிவெடுக்க வேண்டும். நிறுத்தினால் ஒட்டவைத்த குழாய் அடைக்கும் பயம். நிறுத்தாவிட்டால் கீழே ரத்தம் நிற்காத பயம். சுருக்கம் ஒருவழியாகத் தெரியவந்த பிறகு பெரியப்பாவுக்கும் அந்தப் பேச்சு பல வாரம் நடந்தது. அதுவரை குழாயும் பையுமாக இருந்தார். பையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு நூலகம் போய்வந்தார். ஒருநாள் அங்கே சந்தித்த பழைய சக ஆசிரியர் ஒருவர் வேட்டிக்கு வெளியே தெரிந்த குழாயைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குமா?" என்று கேட்டாராம். அவருக்கும் பைபாஸ் ஆகியிருந்தது. இரண்டு பேரும் அன்று வாசிக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தார்கள்.

*

தொட்டதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்பது என் கட்சி இல்லை. இதய அறுவை செய்துகொள்கிற ஆண்களில் பெரும்பாலோர் இந்தத் தொந்தரவு எதுவுமின்றித் தேறிவிடுகிறார்கள். பைபாஸ் உயிர் காக்கும் காரியம். குழாய் இல்லாமல் அதைச் செய்யவும் முடியாது. பக்கவிளைவு பற்றிப் பேசினால் நோயாளி அறுவைக்கு வரமாட்டார் என்று சில மருத்துவர்கள் நினைக்கிறார்கள். நெஞ்சைப் பிளக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறவர், தாரை மெலியலாம் என்று கேட்டுவிட்டா எழுந்து ஓடிவிடுவார்?

கேட்க வேண்டியவை அதிகமில்லை. அறுவைக்கு முன்பு: ராத்திரியில் எத்தனை தடவை எழுந்து போகிறீர்கள், முன்பு எப்போதாவது குழாய் போட்டதுண்டா? அறுவைக்குப் பின் செக்கப்பில்: தாரை மெலிந்திருக்கிறதா, பிரிந்து போகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, முடித்த பிறகும் மீதி இருப்பதாகத் தோன்றுகிறதா? சந்தேகம் வந்தால் ஒரு புனலில் போகச் சொல்லி வேகத்தை அளக்கும் எளிய சோதனை இருக்கிறது. நல்ல ஓட்டம் நொடிக்கு 15 மில்லிக்கு மேல் ஏறி இறங்கும். சுருக்கம் இருந்தால் வரைபடத்தில் கோடு ஏறாமல் தட்டையாக நீண்டு கிடக்கும். ஐந்து நிமிட வேலை.

நோயாளிகள் வாயைத் திறக்க வேண்டும் என்று ஆண்களுக்கு உபதேசம் செய்து இதை முடித்துவிடலாம். சுலபமான வழி அது. எழுபது வருடம் ஒருவரை ஒரு விதமாக வளர்த்துவிட்டு, குழாயை எடுத்த மறுநாளிலிருந்து வேறு விதமாகப் பேசு என்றால் எங்கே போவார்? ஃபின்லாந்தில் அந்த ஆண்கள் சொன்னதோடு காரியம் முடிந்துவிடவில்லை. சொன்னதைத் தட்டிக்கழிக்காமல் சேர்த்து எண்ணிப் பார்த்த மருத்துவர்கள் எதிரே இருந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கொரு தரம் கூச்சமில்லாமல் அளந்து எழுதியதை, செக்கப் அறையில் மாதம் ஒரு தரம் வாய்விட்டுக் கேட்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. முதல் வார்த்தை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மருத்துவரிடமிருந்து வர வேண்டும். அது வந்துவிட்டால், பெரியப்பா மாதிரியான ஆட்கள் பதில் சொல்லிவிடுவார்கள்.